ஒற்றை எழுத்துக்காரர்

தூத்துக்குடி,
14 ஜூலை 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் மலையில் மழையும் அட்டையும் குறைந்து, நீங்களும் டெரன்ஸ் அண்ணனும் விடுதிப் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "மதினின்னே கூப்பிடுளா, இப்பவே பழகிக்கோ. எதுன்னாலும் எனக்கு எழுது" என்று சொல்லிவிட்டு ஒடிசாவுக்கு ரயிலேறினீர்கள். அதனால் எழுதுகிறேன். நீங்கள் சந்தைக்கு இறங்கி டவர் கிடைக்கிற சனிக்கிழமைகளில் நான் ஆபீஸில் இருப்பேன், பக்கத்து மேசையில் ஆள் இருக்கும். மெசேஜைப் பற்றிய சந்தேகத்தைத் தபாலில் கேட்கிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிறிஸ்மஸ் வரை நானும் உங்கள் தம்பியும் பேசிப் பழகட்டும், ஜனவரியில் சபையில் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள் அல்லவா? பழகுகிறோம். நேற்று நான் போட்டது இது: "இன்னிக்கு ஆபீஸ்ல ஏசி ஓடல. மேனேஜர் கர்ச்சீப்ப நனைச்சுத் தலையில போட்டு உக்காந்திருந்தார். ஞானஸ்நானம் எடுக்க வந்தவர் மாதிரி இருந்துச்சு. உங்களுக்கு எப்படிப் போச்சு?"

அவர் போட்டது: "ம்."

முந்தாநாள் "சரி." அதற்கு முந்தின நாள் ஒரு கட்டைவிரல். எங்கள் கிளியரிங் ஆபீஸுக்கு நாள் முழுக்கக் கப்பல் கம்பெனிகளிலிருந்து மெயில் வரும். முகம் தெரியாத அவர்களே "நோட்டட் வித் தேங்க்ஸ்" என்று எழுதுகிறார்கள். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் அந்தத் தேங்க்ஸைக்கூடச் சேர்ப்பதில்லை. நான் அவருக்கு ஒற்றை எழுத்துக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு "ம்"முக்கு என்ன பதில் போட வேண்டும் மதினி? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெப்ஸி


மிஷன் விடுதி,
1 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள ஜெப்ஸிக்கு,

கர்த்தர் உன்னையும் வீட்டாரையும் பத்திரமாகக் காப்பாராக. அம்மா முழங்காலுக்கு நொச்சியிலை ஒத்தடம் கொடு. நாங்கள் சுகம். மாடி ஒழுகுகிறது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து உங்கள் டெரன்ஸ் அண்ணன் பயந்துபோனார். இதற்கா இவ்வளவு விசாரம்? தம்பி பெவின் நாளெல்லாம் டக் படகின் இன்ஜின் அறையில் கிடக்கிறான். கப்பலை இழுத்துக்கொண்டுவந்து கட்டுகிற வேலை என்ன லேசா? கையெல்லாம் கிரீஸ். ஒரு விரலைத் துடைத்துக்கொண்டு "ம்" என்று போடுகிறானே, அதுவே பெரிது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டியே பாஸானவன் அவன்.

நான் சொல்கிறபடி செய். எப்படிப் போச்சு, என்ன ஆச்சு என்று கேட்காதே. அவனுக்குப் பிடித்ததைக் கேள். இன்ஜினைப் பற்றிக் கேள். எங்கள் சீசர் நாயைப் பற்றிக் கேள். பதில் வருமுன் அடுத்ததைப் போடாதே. இன்னொன்று, கோபத்தில் நீயும் பதிலுக்கு "ம்" என்று போட்டுவிடாதே. எந்தக் காலத்திலும் போடாதே. நீ பேசுகிறவள், அது உன்னுடைய அழகு.

உனக்காக ஜெபிக்கும் மதினி,
ஈவாஞ்சலின்


தூத்துக்குடி,
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதினிக்கு,

இந்தக் கடிதம் வருமுன் மாடி ஒழுகல் நின்றிருக்க வேண்டும். ஒத்தடத்துக்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னாள்.

சீசர் என்ன செய்கிறது என்று கேட்டேன். "தூங்குது" என்று வந்தது. நாலெழுத்து மதினி. அன்று ராத்திரி இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன். அம்மா, "என்னளா, போனப் பாத்துப் பாத்துத் திங்கே" என்று கேட்டாள். இன்ஜினுக்கு என்ன ஆயில் ஊற்றுவீர்கள் என்றும் கேட்டேன். ஆயில் டப்பாவின் போட்டோ வந்தது. எழுத்து இல்லை. ஆனாலும் போட்டோ எடுக்க எழுந்து போயிருப்பாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரோச் பார்க்கில் சந்தித்தோம். நான்தான் பேசினேன். எங்கள் மேனேஜர் கஸ்டம்ஸ்காரர்களிடம் குழைவதை நடித்துக் காட்டினேன். லேசாகச் சிரித்தார், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. திரும்பி வரும்போது என் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த நைலான் கயிற்றை எடுத்து, படகு கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு, "நடந்து பாருங்க" என்றார். அன்று அவர் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

எனக்கு அது போதும் போலிருந்தது. அந்தச் செருப்பையே போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறேன். புதுசு வாங்க மனசில்லை. இது பைத்தியமா என்று எழுதுங்கள்.

செருப்பும் நானும் நலம்,
ஜெப்ஸி


மிஷன் விடுதி,
8 செப்டம்பர் 2024

பிரியமுள்ள ஜெப்ஸிக்கு,

சமாதானமும் சுகமும் உன்னோடு இருப்பதாக. பைத்தியம்தான், நல்ல பைத்தியம். தரையில் உட்கார்ந்து ஒருத்தி செருப்பைத் தொட்டுக் கட்டுகிற ஆண்பிள்ளைகள் நம் பக்கத்தில் எத்தனை பேர்? அதற்குமேல் அவன் என்ன எழுத வேண்டும்?

நேற்றுச் சந்தைக்கு இறங்கினேன். டவர் கிடைத்ததும் தம்பிக்கு அடித்தேன். ஒரு மணி நேரம் விடவில்லை. அவர்கள் டக்கில் புதிதாக வந்த சமையல்காரர் மீன்குழம்பில் உப்பென்று நினைத்துச் சீனியைப் போட்ட கதையைச் சொன்னான். கேப்டன் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் தின்று, மறு சோறும் வாங்கினாராம். அவர் குரலிலேயே பேசிக் காட்டுகிறான். நான் சந்தையில் நின்று சிரித்த சிரிப்பில் கோழி விற்கிறவள் கூடையை மூடிக்கொண்டாள். போன் சூடாகிக் காதைச் சுட்டது. அவனைப் போலக் கதை சொல்ல எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

தைரியமாக இரு. செருப்பைத் தைத்துவிடாதே.

அன்பு மாறாத மதினி,
ஈவாஞ்சலின்


தூத்துக்குடி,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

எல்லாரும் சுகம் என்று நினைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் ஒரு மணி நேரம் பேசுவாரா?

எனக்குத் தெரியாது. பேச்சே வராத மனிதர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம் என்று பொறுமையாக இருந்தேன். சீனிக் குழம்புக் கதை நல்ல கதை. சிரித்தேன். அதை நடித்துக் காட்டினார் என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்றைக்கு நானும் அவரிடம், "டக்ல சாப்பாடுலாம் எப்படி?" என்று கேட்டிருந்தேன். "பரவால்ல" என்று வந்தது.

பொறாமை என்று நினைக்காதீர்கள். நீங்கள் அக்கா, உங்களிடம் பேசுவார். அந்த ஒரு மணி நேரத்தில் என்னைப் பற்றி என்ன சொன்னார் மதினி? நல்லதோ கெட்டதோ, அப்படியே எழுதுங்கள். குரல் கீச்சென்று இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் சரி.

ஆவலோடு,
ஜெப்ஸி


மிஷன் விடுதி,
20 அக்டோபர் 2024

பிரியமுள்ள ஜெப்ஸிக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. விடுதியில் அம்மை. ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். வேப்பிலை பறித்தே என் கை கறுத்துவிட்டது. இப்போது கர்த்தர் கிருபையால் எல்லாரும் எழுந்து கஞ்சி குடிக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு உனக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கலாம் என்று எங்கள் அம்மா கேட்டாள். வெள்ளையில் தங்கச் சரிகை உனக்கு எடுப்பாக இருக்கும் என்று சொன்னேன். உன் நிறத்துக்கு வாடாமல்லியும் பொருந்தும். உன் ரவிக்கை அளவை அம்மாவிடம் கொடுத்துவிடு. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. உங்கள் அண்ணனுக்கு இருமல்.

வேறென்ன, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மதினி,
ஈவாஞ்சலின்


தூத்துக்குடி,
5 நவம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள் என்று வாசித்ததும் எங்கள் வீட்டு ஜெபத்தில் நன்றி சொன்னோம். அண்ணனின் இருமலுக்குச் சாத்தான்குளம் கருப்பட்டியும் சுக்கும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ரவிக்கை அளவு கொடுத்தாயிற்று.

போன வாரம் எனக்குப் பிறந்தநாள். முப்பத்தொன்று. அவரிடமிருந்து ஒரு கேக் படம் வந்தது. எழுத்து இல்லை. நான் ஏழெட்டு வரி நன்றி எழுதினேன், அதற்கு ஒரு கட்டைவிரல். அம்மாவிடம், நடுராத்திரி வரை வாழ்த்திப் பேசினார் என்று பொய் சொன்னேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். அம்மை அலைச்சலில் மறந்திருப்பீர்கள். மறுபடியும் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். போனில் என்னைப் பற்றி என்ன சொன்னார்?

ஜெப்ஸி


மிஷன் விடுதி,
8 டிசம்பர் 2024

பிரியமுள்ள ஜெப்ஸிக்கு,

கிறிஸ்து பிறப்பின் சந்தோஷம் உங்கள் வீட்டை நிரப்பட்டும். கருப்பட்டி வந்தது. உங்கள் அண்ணன் மருந்தென்று சொல்லிக்கொண்டே பாதியைத் தின்றுவிட்டார்.

ஜனவரி பத்தொன்பதில் முதல் ஓலை, பிப்ரவரி பன்னிரண்டில் கல்யாணம் என்று அம்மா சொன்னாள். நான் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுவேன். இங்கே ஒரு பெண் நெய்த சால்வை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். உன்னைப் பார்த்த அன்றே அம்மா என்னிடம், "இந்தப் பிள்ளதான் நம்ம வீட்டுக்கு வரணும்" என்று சொன்னாள். எனக்கும் அதே ஆசைதான். உன் கடிதம் வருகிற நாள் எனக்கு ஊர் வந்த நாள்.

கல்யாணம் ஆகட்டும், எல்லாம் சரியாகிவிடும். ஒரே வீட்டில் இருந்தால் மெசேஜ் எதற்கு? நீ கேட்டதை நேரில் வரும்போது பேசிக்கொள்வோம்.

மதினி,
ஈவாஞ்சலின்


தூத்துக்குடி,
2 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

புது வருஷம் உங்களுக்கு ஒழுகாத மாடியைக் கொடுக்கட்டும். இங்கே அனைவரும் சுகம்.

கிறிஸ்மஸ் அன்று காலையில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. நட்சத்திரம், மெழுகுவர்த்தி, கீழே தங்க எழுத்தில் வாழ்த்து. நான் அதை ஸ்கிரீனில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் கிருபாநிதி சித்தப்பா பிரியாணி சாப்பிட வந்தார். "மாப்பிள எனக்கு வாழ்த்து அனுப்பியிருக்காரு, பாத்தியா" என்று பெருமையாகப் போனைக் காட்டினார். அதே நட்சத்திரம், அதே மெழுகுவர்த்தி.

நீங்கள் நேரில் சொல்கிறேன் என்றீர்கள். நல்ல செய்தி என்றால் நீங்கள் தபாலிலேயே மூன்று பக்கம் எழுதுகிற ஆள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இனிமேல் கேட்கமாட்டேன். சபை ஐயரிடம் பெயர் கொடுத்தாயிற்று. மூன்று ஞாயிறு எங்கள் இருவர் பெயரையும் ஆராதனையில் வாசிப்பார், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்பார். யாருக்குத் தடை இருக்கப் போகிறது?

வயதாகிவிட்டதென்று நான் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு இடம் தட்டிப்போனபோது நான் அழவேயில்லை. எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது மதினி. அவர் எதையும் கூட்டிப் பேசுவதில்லை, செருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு அதைப் பெருமையாக நினைப்பதில்லை. ஒரு தடவை என்னிடம் சீனிக் குழம்புக் கதையைச் சொன்னால் போதும். ஏற்கெனவே தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் சிரிப்பேன்.

ஜெப்ஸி


மிஷன் விடுதி,
25 ஜனவரி 2025

ஜெப்ஸிக்கு,

சுகம் விசாரிக்க இன்று எனக்கு யோக்கியதை இல்லை.

இன்று மத்தியானம் சந்தையிலிருந்து தம்பிக்கு அடித்தேன். வழக்கம்போல ஒரு மணி நேரம். இறங்கும்போதே, உன்னைப் பற்றி அவனாக ஒரு வார்த்தை சொல்கிறானா பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். சீசரைப் பற்றிச் சொன்னான். கேப்டனைப் பற்றிச் சொன்னான். வீட்டில் யாரெல்லாம் இருக்கிறீர்கள் என்று கேட்டேன், அம்மா மட்டும்தான் என்றான். நீ ஆபீஸில் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ இரண்டு தடவை கேட்டதற்குப் பதில் இதுதான். அவன் ஒன்றும் சொன்னதில்லை. ஜூலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் உன் பேச்சை எடுத்தது நான்தான். "ம்" என்பான். பேச்சு மாறிவிடும். உனக்கு வந்த அதே "ம்"தான் எனக்கும் வந்தது. அதற்கு நான் கிரீஸ் என்றும் கூச்சம் என்றும் உனக்கு அர்த்தம் எழுதிக்கொண்டிருந்தேன். நீ எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

உன் நம்பரையும் எடுத்தேன். அழுத்தக் கை வரவில்லை. இது உன்னிடம் வந்து சேருமுன் மூன்றாம் ஓலையும் வாசித்திருப்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஈவாஞ்சலின்


தூத்துக்குடி,
8 பிப்ரவரி 2025

அன்புள்ள ஈவாஞ்சலின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அண்ணனுக்கு இருமல் நின்றதா? இங்கே நான் சுகமில்லை. பொய் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மேலே எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எப்படிக் கூப்பிடுவது என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி என்று எழுதத்தான் கை போனது.

நீங்கள் பேசிய அந்தச் சனிக்கிழமை நான் ஆபீஸில் இல்லை. சேலை பார்க்க வரச் சொல்லி உங்கள் அம்மா கூப்பிட்டிருந்தார்கள், லீவு போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். வாடாமல்லிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அத்தை ஒரு தட்டில் மக்ரூன் வைத்துக் கொடுத்தார்கள். அவர் எனக்கு ஒரு தலையாட்டல் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். உங்கள் போன் வந்தது. எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

அக்கா, அவர் எவ்வளவு நன்றாகச் சிரிக்கிறார். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. கேப்டன் குரலில் பேசினார், சீசர் குரைப்பதைப் போலக் குரைத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வாயில் மக்ரூனோடு உட்கார்ந்து சிரித்தேன். அப்போதுதான் வீட்டில் யாரெல்லாம் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "ஆருமில்லக்கா, அம்மா மட்டுந்தான்" என்றார். ஜன்னல் திறந்திருந்தது. நான் இருக்கிறேன் என்று சொன்னால் போனை என்னிடம் கொடுக்கச் சொல்வீர்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாரோ என்று முதலில் தோன்றியது. அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த என்னை அவர் ஒளித்துவைக்கவில்லை, அவருக்கு நான் அங்கே இல்லை. அத்தைக்கும் கேட்டது. சேலை முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஐயர் வீட்டுக்குப் போனேன். ஓலைக்குத் தடை சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். யார் கல்யாணத்துக்கு என்று கேட்டார். என் கல்யாணத்துக்குத்தான் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன காரணம் மகளே?"

"அவருக்கு விருப்பமில்ல ஐயா."

"பெவின் அப்படிச் சொன்னானா?"

"அவர் சொல்லமாட்டார். அதான் நான் வந்திருக்கேன்."

இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. அம்மா, "ஏளா, என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்கே" என்று கேட்டுவிட்டு அழுதாள். பிறந்தநாளுக்கு நடுராத்திரி வரை பேசினார் என்று சொன்னேனே, அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். பெண்ணுக்குத் திமிர் என்று சபையில் பேசுகிறார்கள். பேசட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது அவரிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. உங்களுக்காக அப்படியே எழுதுகிறேன்.

"ஜெப்ஸி, ஐயர் வீட்டுக்கு வந்து சொன்னாரு. எனக்கு என்ன சொல்லன்னே தெரியல. நானே சொல்லணும்னு எத்தனையோ நாள் நெனச்சேன், அம்மா மொகத்தப் பாத்ததும் வாய் அடச்சிரும். உங்க மேல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் மனசு வரல, ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. உங்க மெசேஜ் வந்தா என்ன போடன்னு முழிச்சிக்கிட்டு கெடப்பேன், கடசில 'ம்'னு போடுவேன், போட்டுட்டு எனக்கே அசிங்கமா இருக்கும். நீங்க மேனேஜர் மாதிரி நடிச்சுக் காமிச்சத டக்ல எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கேன். இங்கன ஒரு சமையல்காரர் இருக்காரு, மீன் கொழம்புல சீனியப் போட்டுட்டாரு, அத உங்கள்ட்ட சொல்லணும்னு கூட ஒரு நாள் நெனச்சேன். பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க. நான் எங்க வீட்ல உண்மையச் சொல்லிருதேன். இன்னிக்குத்தான் நிம்மதியா மூச்சு விடுதேன். ரொம்ப தேங்க்ஸ் ஜெப்ஸி."

இத்தனை மாதத்தில் என் பெயரை அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. நான் கேட்டுக் கேட்டு வராத எல்லாம் அதில் இருந்தது. சிரிப்பு இருந்தது, சீனிக் குழம்பு இருந்தது, தேங்க்ஸ்கூட இருந்தது. நான் ஹாலில் நின்றபடியே வாசித்துவிட்டு அழுதேன். அம்மா வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் இன்னும் எதையோ எழுதிக்கொண்டிருப்பதாகப் போனில் காட்டியது. அவருக்கு இன்னும் சொல்ல இருந்தது.

உங்களுக்கு எழுதிக் கேட்கவில்லை. "ம்" என்று போட்டேன்.

சால்வையை யாராவது குளிரில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம். பிறகு எழுதுங்கள்.

ஜெப்ஸி